வின்கிரிஸ்டின் போட்டபின் வயிறு இறுகுவது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். மதுரையில் வைத்தியம் நடக்கிறது. வாரம் ஒரு தடவை வின்கிரிஸ்டின் ஊசி, இதுவரை மூன்று போட்டாகிவிட்டது. முதல் ஊசிக்கு மறுநாள் தாடை வலிக்கிறது என்று அழுதாள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இப்போது ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு உப்பிக் கிடக்கிறது. நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள். நான்காவது ஊசியைத் தள்ளிப்போடலாமா? இந்த மருந்தையே நித்தியகல்யாணியிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு என் அத்தை, "கொல்லை நிறையப் பூத்துக் கிடக்கு, இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் ஊசியைக் குறைக்கலாமே" என்கிறார். இந்த ஊசி முதுகில் போனால் உயிருக்கே ஆபத்து என்றும் கேள்விப்பட்டேன். அவளுக்கு முதுகிலும் ஊசி போடுகிறார்கள், பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் படர்தாமரை. அவளுக்கும் தொடையில் வந்ததால் பக்கத்து ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாளாகச் சாப்பிடுகிறாள். எல்லா மருந்து அட்டைகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
— கோவில்பட்டி பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே, வார்டுக்கு உடனே போன் செய்யுங்கள் என்று தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். ஐந்து நாள் வெளிக்குப் போகாமல் வயிறு உப்பியிருக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு யாரும் பத்திரிகைப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. இங்கே விரிவாக எழுதுவது, இதே ஊசி போட்டுக்கொள்ளும் மற்றக் குழந்தைகளின் வீட்டாருக்கும் சேர்த்துத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை, புற்றுநோய்ப் பிரிவில் இந்த ஊசிகளைக் கலந்து அனுப்பும் மருந்தாளுநர். எவ்வளவு மருந்து, எப்போது என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை நான் சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நித்தியகல்யாணி இல்லை. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, படர்தாமரை மாத்திரை, அதுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இட்ராகோனசோல்.

வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி செய்கிறது. இட்ராகோனசோல் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். ஊசியில் போனது அதே அளவு மருந்துதான், ஆனால் வெளியேற வழியில்லாமல் உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. அதன் விளைவு முழுக்க நரம்புகள் மேல்தான் விழும். கடுமையான மலச்சிக்கல், குடல் அசையாமல் நின்றுபோவது, கால் பலவீனம், சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வருவது என்று இந்த இரண்டு மருந்தும் சேர்ந்ததால் வந்த தொல்லைகளை மருத்துவ இதழ்கள் பல வருடங்களாக எழுதிவருகின்றன. வோரிகோனசோல், போசகோனசோல் என்ற பூஞ்சைக்காளான் மருந்துகளும் இதே ரகம்தான். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அந்த நொதியைத் தடுக்கும். பழங்களில் பம்ப்ளிமாஸ் வேண்டாம்.

மூன்றே ஊசியில் உங்கள் மகளுக்கு வயிறும் காலும் ஒன்றாகப் படுத்துவதற்கு இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பது என் பலமான சந்தேகம். அது இல்லாமலும் வின்கிரிஸ்டின் இப்படிச் செய்யும் என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று இரவு அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் முன் வார்டைக் கேளுங்கள். தொடையில் வந்த படர்தாமரைக்கு மேலே பூசும் மருந்தே போதும் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பூசுகிற மருந்து ரத்தத்தில் அவ்வளவாகச் சேராது.

பக்கத்து ஊர் டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். இன்றைக்குப் படர்தாமரை என்று போனால் ஊர் ஊருக்கு எழுதித் தருவது இந்த மாத்திரையைத்தான். குழந்தைக்கு வின்கிரிஸ்டின் போகிறது என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் யோசித்திருப்பார். சிகிச்சை நோட்டைப் பல்வலிக்குப் போனாலும், சளிக்குப் போனாலும் கையில் கொண்டுபோங்கள்.

சரி, நரம்புக்கும் இந்த மருந்துக்கும் என்ன பகை? செல்லுக்குள்ளே தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைப் பிரித்து இரு பக்கமும் இழுத்துப்போவது இவற்றின் வேலை. டியூபுலின் என்ற புரதம் கோத்துக் கோத்துத்தான் இந்தக் குழாய் உருவாகிறது. வின்கிரிஸ்டின் போய் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டால் குழாய் வளராது, செல் பாதிப் பிரிவிலேயே நின்று செத்துப்போகும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆனால் நரம்புச் செல் பிரிவதே இல்லை என்றாலும், முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை சரக்கு அனுப்ப அதுவும் அதே குழாய்களைத்தான் நம்பியிருக்கிறது. நீளமான நரம்பு முதலில் அடிவாங்கும். அதனால்தான் பாதம் முதலில், விரல்நுனி அப்புறம்.

மற்றக் கீமோ மருந்துகளைப் போல இது ரத்த அணுக்களைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முடி உதிரும், திரும்ப வளரும். வாந்தியும் குறைவு. உங்கள் மகளுக்கு ரத்த அணுக்கள் குறைந்திருந்தால் அது நோயாலும், கூடக் கொடுக்கும் மற்ற மருந்துகளாலும்தான். இந்த மருந்தின் கணக்கு முழுக்க நரம்போடுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடலைத் தள்ளித் தள்ளி அசைய வைப்பதும் நரம்புதான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலச்சிக்கல் என்றதும் நம் வீடுகளில் வாழைப்பழம், கீரை, உலர்திராட்சை என்று ஆரம்பித்துவிடுவோம். கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் இது நார்ச்சத்துக் குறைவால் வந்த சிக்கல் அல்ல. அசையாத குடலுக்குள் நாரை மட்டும் மேலும் மேலும் அடைத்தால் உப்பசம்தான் கூடும். லாக்டுலோஸ் போன்ற, மலத்தில் தண்ணீரை இழுத்து இளக்கும் சிரப்போ பொடியோதான் இதற்கு வேலை செய்யும். அதையும் அடைத்துக்கொண்ட பிறகு தேடாமல், ஊசி போட்ட அன்றே ஆரம்பிப்பதுதான் நல்லது. பல வார்டுகளில் ஊசியோடு சேர்த்தே எழுதித் தருகிறார்கள். நீங்கள் அனுப்பிய படங்களிலும் ஒரு லாக்டுலோஸ் பாட்டில் இருக்கிறது, சீல் உடைக்காமல். "வயிற்றுக்கு டானிக்" என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டீர்களோ என்று தோன்றியது. ஆனால் இப்போதைய நிலையில், உப்பிய வயிற்றோடு, அதை நீங்களாகத் திறந்து ஊற்ற வேண்டாம். முதலில் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த ஊசியிலிருந்து அது உங்களுக்கு வேண்டும்.

விளக்கெண்ணெய் வேண்டாம். எனிமாவும் வேண்டாம். சோப்புத் துண்டு, எண்ணெய் தொட்ட வெற்றிலைக் காம்பு என்று ஆசனவாயில் எதையும் வைக்கவே கூடாது. இதைப் பாட்டிமார்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். வெள்ளையணு குறைந்திருக்கும் குழந்தைக்கு அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் குடலில் இருக்கும் கிருமி நேரே ரத்தத்தில் ஏறிவிடும். தெர்மாமீட்டரைக்கூட அந்த வழியில் வைப்பதில்லை.

இரண்டு நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் போன் செய்யுங்கள். வயிறு இறுகினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, காற்றுகூடப் பிரியவில்லை என்றாலோ போன் செய்யாமல் நேரே கிளம்பிவிடுங்கள். அவளுக்கு ஸ்டீராய்டும் போகிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்கு வயிற்றுக்குள் பெரிய கோளாறு இருந்தாலும் வலியும் காய்ச்சலும் வெளியே தெரியாமல் அமுங்கிப்போகலாம். "அவ்வளவாக வலி இல்லை என்கிறாளே" என்று ஆறுதல்பட முடியாது.

வெளிக்குப் போனதா என்பதையெல்லாம் இவ்வளவு பெரிய டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்படும் பெற்றோர் நிறையப் பேர். சொல்லுங்கள். வார்டில் காலையில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.

தாடை வலி முகத்து நரம்பிலிருந்து வருவது. ஊசி போட்ட ஓரிரு நாளில் வரும், தானாகப் போய்விடும், பல குழந்தைகளுக்கு முதல் ஊசிக்குப் பிறகு அவ்வளவாக வராது. பல் டாக்டரிடம் ஓட வேண்டாம். சாதத்தைக் குழைத்துக் கொடுங்கள். பாரசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டு. 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4-ஐத் தொட்டால் மாத்திரை வேண்டாம், வார்டுக்குத்தான் போன். இபுபுரூபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் மூன்றும் வீட்டில் இருக்கவே வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கும்போது ரத்தக்கசிவை இழுத்துவிடும்.

அப்புறம் கால். காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதத்தின் முன்பக்கத்தை மேலே தூக்கும் தசைக்கு நரம்பு சரியாகச் சொல்லவில்லை என்பதால், விரல் தரையில் இடறாமல் இருக்க முழங்காலையே உயர்த்துகிறாள். வீட்டிலேயே பார்க்கலாம்: குதிகாலில் மட்டும் நின்று நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால், அல்லது சிமெண்ட் தரையில் பாதம் 'டப்' என்று அறைந்து விழுந்தால், அல்லது ரப்பர் செருப்பு அவளுக்கே தெரியாமல் காலிலிருந்து நழுவினால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். "நடை சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இது அவருக்கு உதவும். பிசியோதெரபி, தேவைப்பட்டால் இரவில் கணுக்காலை நேராகப் பிடித்துவைக்கும் ஒரு பட்டை என்று ஏற்பாடு செய்வார்கள். வார்ச் செருப்பை எடுத்துவைத்துவிட்டு, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பாக வாங்கிக் கொடுங்கள். சட்டை பொத்தான் போடச் சிரமப்படுகிறாளா, இமை தொங்குகிறதா, குரல் கம்முகிறதா என்பதையும் கவனியுங்கள். குரல் திடீரென்று கம்மி, மூச்சு விடும்போது சத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதெல்லாம் சரியாகிவிடும், ஆனால் நரம்பு மெல்லத்தான் தேறும். வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்.

உங்கள் குடும்பத்திலோ கணவர் குடும்பத்திலோ யாருக்காவது சின்ன வயதிலிருந்தே பாதம் வளைந்து, கெண்டைக்கால் மெலிந்து, அடிக்கடி தடுக்கி விழும் நோய் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் அது. அது உள்ள குழந்தைகளுக்கு ஓரிரண்டு வின்கிரிஸ்டினிலேயே கால் கடுமையாகப் பாதிக்கும். அரிதுதான், ஆனால் இருந்தால் டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

நரம்புக்குச் சத்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வேண்டாம். சத்து மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அவளுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது.

இனி உங்கள் அத்தையின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி நிஜம். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். மடகாஸ்கரைச் சேர்ந்த செடி, இங்கே சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வோம். உங்கள் பக்கத்து மானாவாரி நிலங்களிலேயே மருந்துக் கம்பெனிகளுக்காக இதைப் பயிரிடுகிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கதையை அவருக்குச் சொல்லுங்கள், கஷாயம் ஏன் கூடாது என்பதற்கான பதிலும் அதிலேயே இருக்கிறது. 1952-ல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி, கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற டாக்டருக்கு ஓர் உறையில் இந்த இலைகளை அனுப்பினார். அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். அவர் தன் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் ஆராய்ச்சியாளர். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் போட்ட எலிகள் கிருமித்தொற்றில் செத்துப்போயின. வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கும் என்றால் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்று அவரும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் தேடியதில் கிடைத்தது வின்பிளாஸ்டின் என்ற மருந்து. 'எலி லில்லி' என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியின் ஆய்வகம் அதே செடியில் வின்கிரிஸ்டினைப் பிரித்தெடுத்தது. அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்தது.

அந்த எலிகள் எதனால் செத்தன என்பதை அத்தைக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு வெள்ளையணு ஏற்கெனவே தரைமட்டத்தில் இருக்கும் நேரம் இது.

அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது செடி தயாரிக்கும் வீரியமான வேதிப்பொருள்கள், இருக்கின்றன. வின்கிரிஸ்டின் அதில் துளியினும் துளி. ஒரு கிராம் மருந்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். குழந்தைக்கு எவ்வளவு போகிறது தெரியுமா? உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு, ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. 8 வயதுக் குழந்தைக்கு நான் குப்பியிலிருந்து இழுப்பது ஒரு தேக்கரண்டியில் கால்வாசியை ஒட்டி வரும், தண்ணீர் போல நிறமே இல்லாத மருந்து. அதை இழுத்தபிறகு இன்னொருவர் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது அறையை விட்டு வெளியே போகும். ஒரு பிடி இலையைக் கொதிக்கவைத்தால் அதில் எந்த ஆல்கலாய்டு எவ்வளவு இறங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ரத்த அழுத்தத்தைக் குறைப்பவையும் அதில் இருக்கின்றன. நோயைக் கொல்லும் அளவுக்கு வின்கிரிஸ்டின் அதிலிருந்து கிடைக்காது, குழந்தையைக் கெடுக்கும் அளவுக்கு மற்றவை கிடைக்கலாம். செடி கொல்லையில் பூத்துக்கொண்டே இருக்கட்டும், அடுப்புக்கு வர வேண்டாம்.

முதுகு ஊசி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டும்தான் போக வேண்டும். தண்டுவட நீரில் தவறிப் போனால் அநேகமாக உயிர் பிழைப்பதில்லை. உலகில் அப்படி நடந்திருக்கிறது. முதுகில் போட வேண்டியது மெத்தோட்ரெக்சேட். இரண்டும் ஒரே குழந்தைக்கு, சில சமயம் ஒரே நாளில், ஒரே மாதிரி சிரிஞ்சில் வந்ததுதான் பல விபத்துகளுக்குக் காரணம். அதனால் 2007-ல் உலக சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் கொடுக்காமல் சலைன் உள்ள சிறு பையில் கலந்து கொடுக்கச் சொன்னது. பையைக் கொண்டுபோய் யாரும் முதுகு ஊசியில் மாட்ட மாட்டார்கள் அல்லவா? உங்கள் வார்டில் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். முதுகு ஊசி அறைக்குள் போகும் முன், "இது மெத்தோட்ரெக்சேட் தானே சிஸ்டர்?" என்று நீங்கள் கேட்டால் நல்ல நர்ஸ் யாரும் முகம் சுளிக்க மாட்டார். நான் இருந்தால் சந்தோஷப்படுவேன்.

ரத்தக்குழாயில் போகும்போதும் ஒரு எச்சரிக்கை உண்டு. மருந்து குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். கை எரிகிறது, குத்துகிறது என்று குழந்தை சொன்னால் "கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்று சமாதானம் சொல்லாமல் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டபின் இரண்டு நாளைக்கு அவள் மலம், சிறுநீர், வாந்தியைத் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்தின் பெரும்பங்கு பித்தத்தோடு சேர்ந்து மலத்தில்தான் வெளியேறுகிறது.

கடைசியாக நான்காவது ஊசி. இந்த விஷயத்தில் இரண்டு வகைப் பெற்றோரைப் பார்க்கிறேன். பயந்துபோய் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கே வராமல் நின்றுவிடுபவர்கள் ஒரு வகை. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று கால் பலவீனத்தையே மறைப்பவர்கள் இன்னொரு வகை. எனக்கு அதிகம் பயம் தருபவர்கள் இரண்டாவது வகைதான், ஏனென்றால் வராதவர்களுக்கு யாராவது போன் செய்து கூப்பிட முடியும். ஏ.எல்.எல். வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 10-ல் 9 பேரை வசதியான நாடுகளில் இன்று காப்பாற்றிவிடுகிறார்கள் என்றால், அதில் இந்தப் பழைய மருந்துக்கும் பங்கு உண்டு. ஆகவே நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். குறித்த நாளில் போங்கள். டாக்டர் நடையைப் பார்ப்பார், வயிற்றைப் பார்ப்பார், கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும் மஞ்சள் பொருளான பிலிருபின் ரத்தத்தில் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார், கூடியிருந்தால் அளவைக் குறைப்பார். லேசான தொல்லை என்றால் முழு அளவே போடலாம், கடுமையாக இருந்தால் குறைக்கலாம், சில நாள் நிறுத்தியும் வைக்கலாம். தேறியபின் பழைய அளவுக்குத் திரும்புவதும் உண்டு. இட்ராகோனசோல் நிறுத்திய அன்றே உடம்பை விட்டுப் போய்விடாது, அதன் தடை ஓரிரு வாரம்கூட நீடிக்கலாம். அதனால் கடைசி மாத்திரை எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.